உப்பு நீச்சல் குளம்: செல்லை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் தரைவீடுகளின் நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் வேலையில் 13 ஆண்டுகளாக இருக்கிறேன். டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் தொலைபேசியில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "தம்பி, உப்பு கம்மின்னு லைட் எரியுது. வந்து பார்த்தவர் செல் போயிடுச்சுன்னு சொல்றார்." குளத்துத் தண்ணீரில் இருக்கும் உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் செய்யும் தகடுகள் கொண்ட பாகம்தான் இந்தச் செல். அதை இயக்குவது கன்ட்ரோல் பாக்ஸ்.

செராங்கூன் கார்டன்ஸில் ஓர் அக்கா வீட்டில் அப்படித்தான் ஆனது. புது செல்லுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். நான் போய்த் தண்ணீரை எடுத்து அளந்தேன். உப்பு 2,450 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 2,450 பங்கு). ஒன்றேகால் மூட்டை உப்பு போட்டோம், மறுநாள் மாலை விளக்கு அணைந்துவிட்டது. அந்தப் பழைய செல் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு ஓடியது. பல நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும் பொருளை இப்படிக் காரணமில்லாமல் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கன்ட்ரோல் பாக்ஸில் தெரியும் உப்பு எண் பெரும்பாலான கருவிகளில் நேரடி அளவு அல்ல. தகடுகளுக்கு இடையே எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை வைத்து அது போடும் கணக்கு. தகடு அழுக்கானாலும் எண் குறையும், தேய்ந்தாலும் குறையும், உப்பு குறைந்தாலும் குறையும். எது காரணம் என்று பாக்ஸ் சொல்லாது. நீங்கள் அளந்தால்தான் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: குளோரினும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் டிபிடி மாத்திரை கிட் (குளோரின் இருந்தால் இந்த மாத்திரை தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும்), உப்பு அளக்கும் பட்டை அல்லது சின்ன மீட்டர், ஆல்கலினிட்டி (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை) சோதனை, ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் போகாமல் காக்கும் சயனூரிக் அமிலம்) பார்க்கும் கரும்புள்ளிக் குழாய். நான் வைத்துக்கொள்ளும் அளவுகள் இவை: குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.6, ஆல்கலினிட்டி 80 பக்கம், ஸ்டெபிலைசர் 50 பக்கம், உப்பு 3,000 முதல் 3,500 வரை. உங்கள் கருவியின் கையேடு உப்புக்கு வேறு எண் சொன்னால் அந்த எண்ணே சரி.

கணக்குக்கு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் 40,000 லிட்டர் பிடிக்கும். உங்கள் குளத்தின் அளவை இப்போதே கணக்குப் பார்த்து பம்ப் அறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். அது தெரியாமல் எந்த மருந்தையும் சரியாகப் போட முடியாது.

## "உப்பு குறைவு" விளக்கு எரிகிறது

### மழைக்குப் பிறகு எரிந்தால்

உப்பு ஆவியாகாது, வெயிலில் குறையாது. தண்ணீர் வெளியே போனால்தான் உப்பும் போகும். நம் ஊரில் அந்த வேலையை மழை செய்கிறது. மேலே சொன்ன குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். விளிம்பு வரை நிறைந்திருக்கும்போது 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 3,200 லிட்டர் வழிந்து வெளியேறும். மொத்தத் தண்ணீரில் அது 8 விழுக்காடு. 3,200 பிபிஎம் இருந்த உப்பு ஒரே நாளில் 2,950 பக்கம் வந்துவிடும். பருவமழையில் இப்படி மூன்று நான்கு நாள் பெய்தால் விளக்கு எரியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு பேக்வாஷிலும் (தண்ணீரை எதிர்ப்பக்கம் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) கொஞ்சம் உப்பு சாக்கடைக்குப் போகிறது.

மழை நின்றவுடன் அளக்காதீர்கள். மழைத்தண்ணீர் லேசு, மேலேயே நிற்கும். பம்பை நாலைந்து மணி நேரம் ஓடவிட்டு, முழங்கை ஆழத்தில் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தி மாதிரி எடுங்கள்.

அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால் கணக்கு எளிது. குறையும் பிபிஎம்மைக் குளத்தின் கன மீட்டரால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் எத்தனை கிலோ என்று வந்துவிடும். 2,600 இலிருந்து 3,200 ஆக வேண்டும், குளம் 40 கன மீட்டர் என்றால் 24 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை ஒன்று.

நீச்சல் குளத்துக்கென்றே விற்கும் உப்பை வாங்குங்கள். சமையல் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும், அவை வேண்டாம். செல்லை அணைத்துவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஆழம் குறைந்த பக்கத்தில் தூவி, அடியில் தங்குவதை பிரஷ்ஷால் தள்ளிக் கரையுங்கள். ஸ்கிம்மரில் (மேல்தண்ணீரைப் பம்புக்கு இழுக்கும் வாய்) கொட்டவே கூடாது, கெட்டியான உப்புத் தண்ணீர் அப்படியே செல்லுக்குள் போய்விடும். 24 மணி நேரம் கழித்து மறுபடி அளந்துவிட்டு செல்லைப் போடுங்கள்.

### நீங்கள் அளந்தால் உப்பு சரி, ஆனாலும் விளக்கு எரிகிறது

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விளக்கை நம்பி மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். சிக்லாப்பில் ஒரு வீட்டில் 5,500 வரை ஏறியிருந்தது. ஏறிய உப்பை எடுக்க மருந்து எதுவும் இல்லை. குளத்தில் கிட்டத்தட்ட பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்ப வேண்டியதாயிற்று. விளக்கு எரிந்ததற்குக் காரணம் தகட்டில் இருந்த சுண்ணப் படிவு. கழுவியதும் அணைந்தது.

ஆகவே அடுத்த படி செல்லைக் கழற்றிப் பார்ப்பது. பம்பை நிறுத்தி, ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, வால்வுகளை மூடிய பிறகே கழற்ற வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகடுகளுக்கு இடையே வெள்ளையாகக் கட்டி நின்றால் அதுதான் காரணம். கழுவும் முறையை வெள்ளைச் செதில் பகுதியில் சொல்கிறேன்.

தகடு சுத்தமாக இருந்தால் பாக்ஸ் காட்டும் தண்ணீர் வெப்பநிலையைப் பாருங்கள். உப்புக் கணக்கில் வெப்பநிலையும் சேரும். இங்கே குளத்துத் தண்ணீர் வருடம் முழுக்க 27 முதல் 31 டிகிரிக்குள் இருக்கும். பாக்ஸ் 18 என்று காட்டினாலோ, "தண்ணீர் குளிர்ச்சி" என்று எச்சரித்து குளோரின் உற்பத்தியை நிறுத்தினாலோ, உணரி பழுது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பல கருவிகள் 10, 15 டிகிரிக்குக் கீழேதான் அப்படி நிற்கும், அந்தக் குளிர் நம் ஊரில் கிடையாது. சில கருவிகளில் உணரியை மட்டும் மாற்றலாம், செல்லைவிட விலை மிகக் குறைவு.

உப்பு சரி, தகடு சுத்தம், வெப்பநிலையும் சரி. அதன் பிறகும் எரிந்தால் செல்லின் வயதைக் கேளுங்கள். டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம், இரிடியம் பூச்சு இருக்கிறது, அது தேயத் தேய செல் ஓயும். 10,000 மணி நேரம் ஓடக்கூடிய செல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். குளிர்நாட்டுக் கையேடு ஐந்து, ஏழு ஆண்டு என்று எழுதியிருந்தால் அங்கே குளிர்காலத்தில் குளத்தை மூடிவைக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நமக்கு விடுமுறை இல்லை. நாலு வயதான செல் என்றால், இப்போது ஆளைக் கூப்பிடலாம்.

## விளக்கு பச்சை, ஆனால் குளோரின் இல்லை

கருவி ஓடுகிறது, எல்லாம் சரி என்கிறது, தண்ணீரில் சோதித்தால் நிறமே வரவில்லை. இதில் முதலில் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டிபிடி மாத்திரையின் இளஞ்சிவப்பு வெளுத்துப்போய் பூஜ்யம் போலத் தெரியும். மாத்திரை விழுந்த கணத்தில் சிவந்து உடனே மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு நான்கு பங்கு கடையில் வாங்கிய குடிநீர் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரமின் இருக்கிறது.

உண்மையாகவே இல்லை என்றால், செல் செய்யவில்லையா, செய்ததை எதுவோ தின்கிறதா என்று பிரிக்க வேண்டும்.

### செல் செய்கிறதா?

உற்பத்தியை 100 விழுக்காட்டில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் வாயில் பாட்டிலை ஒட்டி வைத்து ஒரு மாதிரி, குளத்தின் நடுவிலிருந்து இன்னொரு மாதிரி. மணிக்கு 20 கிராம் குளோரின் செய்யும் செல்லும் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்பும் என்றால் வாயில் எடுத்தது 2 பிபிஎம் அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள், ஒன்று ரோஜாப் பூ நிறம், இன்னொன்று வெறும் தண்ணீர் நிறம். அந்த வித்தியாசம் தெரிந்தால் செல் உயிரோடு இருக்கிறது, பணத்தைப் பத்திரமாக வையுங்கள். வித்தியாசமே இல்லை என்றால் செல்லைக் கழுவிப் பாருங்கள். கழுவியும் இல்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

### செய்கிறது, ஆனால் நிற்கவில்லை

இதற்கு இரவுச் சோதனை. சூரியன் மறைந்த பின், 8 மணிவாக்கில் திரவக் குளோரின் ஊற்றி 4, 5 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். நம் குளத்தில் 10 விழுக்காட்டுத் திரவம் 400 மில்லிக்கு 1 பிபிஎம் ஏறும். செல்லை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதிவையுங்கள். காலையில் வெயில் படும் முன், 6.30 மணிக்கு மறுபடி அளங்கள்.

இரவில் இறங்கியது 1 பிபிஎம்முக்கும் குறைவு என்றால் தண்ணீர் சுத்தம், குளோரினைத் தின்பது வெயில். ஸ்டெபிலைசரைப் பாருங்கள். வெட்டவெளிக் குளத்தில் அது இல்லாவிட்டால் பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். உப்பை அடித்துச் செல்லும் மழை இதையும் அடித்துச் செல்கிறது, ஆனால் இதற்கென்று எந்த விளக்கும் எரியாது. அதனால்தான் ஜனவரியில் உப்பை மட்டும் போட்டுவிட்டு, பிப்ரவரி வெயிலில் குளம் பச்சையாகிறதே என்று திகைக்கிறார்கள். 30 பிபிஎம் ஏற்ற நம் குளத்துக்கு 1.2 கிலோ வேண்டும். பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுங்கள். மெதுவாகத்தான் கரையும், ஒரு வாரம் கழித்து அளங்கள். அளவு மீறினாலும் தொல்லைதான், 80, 90 ஆனால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது.

இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் பாசி தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் வழுக்கும். செல்லின் பூஸ்ட் பொத்தானை நம்பி உட்காராதீர்கள். 20 கிராம் செல் 8 மணி நேரம் ஓடினாலும் நாளைக்கு 4 பிபிஎம்தான் தரும், பாசி அதைவிட வேகமாகத் தின்னும். பிஎச்சை 7.2க்கு இறக்கி, சுவரையும் படிக்கட்டு மூலைகளையும் நன்றாகத் தேய்த்து, சாயங்காலம் திரவக் குளோரின் ஊற்றுங்கள். இரவுச் சோதனை தேறும் வரை தினமும் இதையே செய்யுங்கள்.

பம்ப் ஓடும் நேரத்தையும் பாருங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து நாலு மணி நேரமாகக் குறைத்திருந்தால் செல் பாதிக் குளோரினைத்தான் செய்யும். பம்ப் நின்றால் செல்லும் நிற்கும்.

## "ஓட்டம் இல்லை" என்று காட்டுகிறது

பத்துக்கு ஒன்பது முறை குப்பைதான். ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை இரண்டையும் திறந்து பாருங்கள். மழைமரத்தின் சின்ன இலைகள் கூடையின் ஓட்டைகளில் ஒட்டிக்கொண்டால் சும்மா கவிழ்த்தால் விழாது, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். அப்புறம் ஃபில்டரின் பிரெஷர் கேஜ். சுத்தமாக இருக்கும்போது காட்டும் அளவைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் பேக்வாஷ் செய்யுங்கள். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே போனால் காற்றை இழுக்கும், பம்பின் கண்ணாடி மூடியில் குமிழிகள் தெரியும்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்பாக இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மிக மெதுவாக ஓட விட்டால் ஓட்ட உணரிக்கு அது போதாது. தண்ணீர் நன்றாகப் பாய்ந்தும் அதே எச்சரிக்கை என்றால் உணரி பழுது. எந்தக் காரணம் கொண்டும் உணரியை வயர் போட்டு ஏமாற்றி ஓடவிடாதீர்கள். செல்லில் குளோரினோடு ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகிறது. ஓட்டம் இல்லாமல் அது மூடிய குழாயில் சேர்ந்தால் வெடிக்கும்.

## வெள்ளைச் செதில்கள் மிதக்கின்றன

அடியிலும் ரிட்டர்ன் வாய்க்குப் பக்கத்திலும் உடைந்த முட்டை ஓடு போல மெல்லிய துண்டுகள் கிடந்தால் அவை செல்லிலிருந்து உரிந்த சுண்ணப் படிவு. ஒன்றை எடுத்து வெள்ளை வினிகரில் போடுங்கள், நுரைத்தால் உறுதி. பிஎச் 7.8க்கு மேல் நாள்கணக்கில் நின்றதுதான் மூலக் காரணம். நம் குழாய்த் தண்ணீர் கடினமில்லாதது, ஆனால் புதுப் பூச்சு போட்ட குளத்தில் பூச்சிலிருந்தே சுண்ணாம்பு இறங்கும்.

கழுவும் முறை: முதலில் தோட்டக் குழாயால் நன்றாக அடியுங்கள். பாதி அதிலேயே போகும். மிச்சத்துக்கு மரக்குச்சி. ஸ்க்ரூ டிரைவர் தொடக் கூடாது, பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்தே தேயும். அதற்கும் போகாவிட்டால் அமிலம். நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீரை முதலில் எடுத்து அதில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். வெளியில், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். செல்லை நிமிர்த்திப் பிடித்து, வயர் இணைப்பு நனையாமல், தகடு மூழ்கும் வரை ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் கொட்டி அலசிவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். மாதா மாதம் அமிலத்தில் கழுவுகிறவர்கள் செல்லின் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள். படிவு இருந்தால் மட்டும் கழுவுங்கள்.

அமிலத்தையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே வாளியில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பம்ப் அறை போன்ற சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

## பிஎச் ஏறிக்கொண்டே இருக்கிறது

உப்புக் குளத்தின் சுபாவமே இதுதான், வாரா வாரம் கொஞ்சம் அமிலம் ஊற்றுவது பழுது அல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தால் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். 120க்கு மேல் இருந்தால் அமிலத்தால் படிப்படியாக 70, 80க்கு இறக்குங்கள். நீரூற்று, அருவி ஓடும் நேரத்தையும் குறையுங்கள், தண்ணீர் காற்றில் சிதறினால் பிஎச் ஏறும்.

## கண் எரிகிறது, வாடை அடிக்கிறது

குளோரின் கூடிவிட்டது என்று செல்லை அணைத்துவிடுவார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு. டிபிடி 1 மாத்திரை காட்டுவது வேலை செய்யும் குளோரின், 3ஆம் மாத்திரையையும் சேர்த்தால் மொத்தம். இரண்டுக்கும் இடைவெளி 0.5க்கு மேல் இருந்தால் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து செத்த குளோரின்தான் வாடை அடிக்கிறது. அதற்கு மருந்து இன்னும் குளோரின், இரவில் ஊற்ற வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் குளோரமின் இருப்பதால், குளத்தை நிரப்பிய மறுநாள் இந்த இடைவெளி கொஞ்சம் கூடித் தெரிவது இயல்புதான். இடைவெளி இல்லாமல் கண் மட்டும் எரிந்தால் பிஎச்சைப் பாருங்கள்.

## கைப்பிடி துருப்பிடிக்கிறது

பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் துடைத்து, நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசினால் போதும். மூன்று மாதத்தில் குழி விழும் அளவுக்கு அரித்தால், ஏணியின் கால் கறுத்தால், உப்பு மட்டும் காரணமாக இருக்காது. உலோகப் பாகங்களின் எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அதை மின்பணியாளர்தான் அளக்க வேண்டும்.

## பிரேக்கர் விழுகிறது, பாக்ஸ் செத்துக் கிடக்கிறது

பாக்ஸில் வெளிச்சமே இல்லை, ஆனால் பிரேக்கர் விழவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்துவிட்டு வெளியில் தெரியும் ஃபியூஸ் இருந்தால் அதை மட்டும் பாருங்கள். டைமரையும் பாருங்கள், மின்தடைக்குப் பிறகு நேரம் தவறிப்போயிருக்கலாம். அதற்கு மேல் மூடியைத் திறக்க வேண்டாம்.

கசிவு பிரேக்கர் விழுந்தால் ஒரே ஒரு முறை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள், அதுவும் செல்லின் வயரைப் பாக்ஸிலிருந்து கழற்றிய பிறகு. இப்போது விழாமல் நின்றால் கோளாறு செல்லிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம். செல்லைக் கழற்றியும் விழுந்தால் பாக்ஸிலோ பம்பிலோ ஈரம் இறங்கியிருக்கலாம். நான் திறந்த பாக்ஸ்களில் எறும்புக் கூடு பார்த்திருக்கிறேன், போர்டின் மேல் கருகிக் கிடந்த பல்லியையும் பார்த்திருக்கிறேன். 30 மில்லி ஆம்பியர் கசிவில் அந்த பிரேக்கர் விழுவது குளத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகளைக் காப்பதற்குத்தான். அதை டேப் போட்டு நிறுத்துவது, வேறு பிரேக்கருக்கு மாற்றுவது இரண்டும் கூடவே கூடாது. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும் வரை யாரும் குளத்தில் இறங்க வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம்.

ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குள் குளத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் நிற்கும் குளத்தையும் பார்ப்பார்கள். பம்ப், செல், குளத்து விளக்கு எல்லாவற்றின் ஐசொலேட்டரையும் அணைத்து, அணைந்ததா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் சாயங்காலம் 10 விழுக்காட்டுத் திரவக் குளோரின் 800 மில்லியைக் கரையில் நின்றபடி நாலு பக்கமும் சுற்றி ஊற்றி, பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் கம்பு போட்ட பிரஷ்ஷால் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள். அலுமினியக் கம்பு வேண்டாம். ஊற்றிய தேதியையும் அளவையும் பம்ப் அறைக் கதவில் எழுதிவையுங்கள், வருகிறவருக்கு உதவும்.